கார்க்கில் இருந்துகொண்டு அயர்லாந்து ரயிலை மாடலாகக் கட்டலாமா?

வேலைக்காகக் கார்க் நகரத்துக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது, வீட்டில் எட்டடிச் சுவர் ஒன்று காலியாக இருக்கிறது, சின்ன வயதிலிருந்தே மாடல் ரயில் கட்ட ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே, அலுவலகத்தில் ஒருவர் சொன்னதையும் போட்டிருக்கிறீர்கள்: "இந்த நாட்டில் ரயில் என்று பெரிதாக என்ன இருக்கிறது? கட்டுவதானால் இங்கிலாந்து ரயிலைக் கட்டு, இல்லாவிட்டால் ஜெர்மனி." எந்தக் கம்பெனியின் பொருளை வாங்கலாம் என்பதுதான் நீங்கள் நேராகக் கேட்டது. இரண்டு தடவை படித்த பிறகு அதற்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் பட்டது. உள்ளூர்க்காரர்களே குறை சொல்கிற ஒரு ரயில்வேயில், வருஷக்கணக்காக உட்கார்ந்து கட்டும் அளவுக்கு விஷயம் இருக்கிறதா என்பதுதான் அது. இருக்கிறது. அதிலும் எட்டடிச் சுவருக்கு அயர்லாந்து ரயில் மாதிரிப் பொருத்தமானது வேறு இல்லை என்பேன்.

நான் எந்த அனுபவத்தில் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். டப்ளினில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். தண்டவாளப் பாதை வடிவமைப்புதான் வேலை. வளைவு, சரிவு, பாயின்ட் (வண்டி ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம்) எல்லாம் எங்கே எப்படி வர வேண்டும் என்று கணக்குப் போடுவது. மாடல் ரயில் பொழுதுபோக்கு பன்னிரண்டு வருஷமாக. மின்னணுப் பக்கம் எனக்குக் கை வராது, அதனால் ஒலி வரும் எஞ்சின்கள், டிசிசி டிகோடர்கள் (எஞ்சினை டிஜிட்டல் முறையில் இயக்க உள்ளே வைக்கும் சில்லுகள்) பற்றி ஓரளவுக்கு மேல் சொல்ல மாட்டேன். வட அயர்லாந்துப் பாதைகளில் பயணியாகப் போயிருக்கிறேனே தவிர வேலை செய்ததில்லை.

முதலில் நிஜ ரயில். உங்கள் அலுவலக நண்பர் சொன்னதில் பாதி சரி, எந்தப் பாதி என்பது நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டப்ளின்–கார்க் பாதைக்கு அந்தக் குறை பொருந்தாது. ஏறக்குறைய 266 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரத்தை ஒட்டிய பயணம், பகலில் பெரும்பாலும் மணிக்கு ஒரு வண்டி, உச்ச வேகம் 160 கிலோமீட்டர். ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் விலையும் தாங்கக்கூடியதுதான். கார்க்கிலிருந்து கோவ், மிடில்டன் போகும் புறநகர் வண்டிகளும் நன்றாகவே ஓடுகின்றன. மிடில்டன் பாதை 1963-ல் பயணிகளுக்கு மூடப்பட்டது. 46 வருஷம் கழித்து, 2009 ஜூலையில், திரும்பத் திறந்தார்கள். இப்போது க்ளவுன்தானுக்கும் மிடில்டனுக்கும் நடுவே இரட்டைப் பாதை வேலை நடக்கிறது. மூடிய பாதை ஒன்று திரும்பி வந்து, அதுவும் போதாமல் அகலப்படுவதை நீங்கள் வீட்டுப் பக்கத்திலேயே பார்க்கலாம்.

ஆனால் கார்க்கிலிருந்து கால்வேக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிமரிக் ஜங்ஷனில் ஒரு முறை, லிமரிக்கில் ஒரு முறை இறங்கி ஏற வேண்டும். பஸ் முந்திவிடும். லிமரிக்–கால்வே இணைப்பே 2010 மார்ச்சில் என்னிஸ்–ஆதென்ரி துண்டைத் திறந்த பிறகுதான் மறுபடி வந்தது. அந்தப் பாதையில் பேலிகார் என்ற இடத்தில் சில குளிர்காலங்களில் ஏரித் தண்ணீர் தண்டவாளத்தின் மேல் ஏறி வாரக்கணக்கில் நின்றுவிடும், அதுவரை பஸ்தான். டனிகால், கேவன், மோனகன் ஆகிய மூன்று கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பயணிகள் ரயிலே கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் டைரோனிலும் ஃபெர்மானாவிலும் இல்லை. வரைபடத்தில் தீவின் வடமேற்கு மூலை முழுக்க வெறுமையாக இருக்கும்.

தாமதத்துக்கு முக்கியமான காரணம் என்னவென்றால், பெரும்பாலான பாதை ஒற்றைத் தடம். கால்வே, ஸ்லைகோ, வெஸ்ட்போர்ட், டிராலி, வாட்டர்ஃபோர்ட் பாதைகளில் பெரும்பகுதி அப்படித்தான். நம் ஊரில் "கிராசிங்குக்காக வண்டி நிக்குது" என்று சொல்வோமே, அதே நிலைமை. எதிர் வண்டி பத்து நிமிஷம் தாமதமானால் நம் வண்டியும் லூப்பில், அதாவது ஒதுங்கி நிற்கும் பக்கத் தடத்தில், காத்திருக்கும், அந்தத் தாமதம் அடுத்த வண்டிக்குப் போகும். டப்ளினுக்குள் இன்னொரு முடிச்சு இருக்கிறது. கானலி நிலையத்துக்கும் பியர்ஸ் நிலையத்துக்கும் நடுவே லிஃபி ஆற்றைக் கடப்பது இரண்டே தடம், 1891-ல் போட்ட லூப் லைன். டார்ட் மின்சார வண்டிகள், வடக்கிலிருந்து வரும் டிரோஹெடா வண்டிகள், மேனூத் வண்டிகள், ராஸ்லேர் வண்டிகள் எல்லாவற்றுக்கும் அதே இரண்டு தடம். 2024 ஆகஸ்டில் நேர அட்டவணையை மாற்றி இன்னும் சில வண்டிகளை நுழைத்தபோது வலையமைப்பு முழுக்கத் தாமதம் பரவி, இலையுதிர் காலத்துக்குள் பல மாற்றங்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. பாதை வடிவமைக்கிறவனாகச் சொல்கிறேன், இதில் ஓட்டுநரையோ நிலைய ஊழியரையோ கோபித்துக்கொண்டு பிரயோஜனமில்லை. 19-ஆம் நூற்றாண்டில் போட்ட தடங்களின் எண்ணிக்கைதான் இன்றைக்கும் அளவை முடிவு செய்கிறது.

எப்படி இவ்வளவு சுருங்கியது என்று கேட்பீர்கள். 1920 வாக்கில் தீவு முழுக்க 3,400 மைலுக்கும் மேல் பாதை இருந்தது. இன்று அதில் பாதிகூட இல்லை. மக்கள்தொகை குறைவு, பஸ்ஸும் லாரியும் வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் அயர்லாந்து வடக்கு, தெற்கு என்று பிரிந்த பிரிவினையைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. கிரேட் நார்தர்ன் ரயில்வே எல்லை வருவதற்கு முன்னால் போட்டது. எல்லை அதன் குறுக்கே பல இடங்களில் ஓடியது. 1957-ல் வடக்கு அரசு தன் பக்கத்துக் கிளைகளை மூடியதும், தெற்கில் மிச்சமிருந்த துண்டுகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. போர்ட்டடவுனிலிருந்து டெரி போகும் பாதை 1965 பிப்ரவரியில் போயிற்று. தெற்கில் சிஐஈ என்ற அரசு நிறுவனத்தின் தலைவராக 1958-ல் டாட் ஆண்ட்ரூஸ் வந்தார். அந்த வருஷக் கடைசியிலேயே டப்ளினின் ஹார்கோர்ட் தெரு பாதை மூடப்பட்டது. உங்கள் ஊரின் வெஸ்ட் கார்க் பாதைகள் முழுக்க 1961 மார்ச் கடைசியில் நின்றன. ஹார்கோர்ட் தெரு பாதையின் பெரும்பகுதியில் 2004 முதல் லுவாஸ் டிராம் ஓடுகிறது. அந்தப் பாதையை மூடியது தவறு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம் என்று நினைக்கிறேன். வெஸ்ட் கார்க் விஷயத்தில் நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். அங்கே சனத்தொகை அன்று மிகக் குறைவு, பாதையும் வளைந்து வளைந்து போவது. வைத்திருக்கலாம் என்பது என் ஆசை. ஓடியிருக்குமா என்பது வேறு கேள்வி.

இனி வரப்போவதைப் பற்றி. நிச்சயமாகச் சொல்லக்கூடியது: டப்ளின்–பெல்ஃபாஸ்ட் என்டர்பிரைஸ் ரயில் 2024 அக்டோபரிலிருந்து மணிக்கு ஒரு வண்டியாகிவிட்டது, பெல்ஃபாஸ்டில் கிராண்ட் சென்ட்ரல் நிலையம் திறந்துவிட்டது, டார்ட்டை விரிவாக்க ஆல்ஸ்டாமிடம் வாங்கிய புது வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன, அவற்றில் ஒரு பகுதி மின்கம்பி இல்லாத இடத்தில் பேட்டரியில் ஓடும். இவையெல்லாம் கண்ணால் பார்க்கக் கூடியவை. நிச்சயமில்லாதது: 2024 ஜூலையில் இரு அரசுகளும் சேர்ந்து வெளியிட்ட தீவு முழுமைக்குமான ரயில் ஆய்வு. 32 பரிந்துரைகள், இலக்கு 2050. முக்கியப் பாதைகளில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம், மின்மயம், டெரி–போர்ட்டடவுன் திரும்பத் திறப்பது, டனிகாலின் லெட்டர்கென்னிக்கு ரயில் என்று நிறைய நல்லது இருக்கிறது. ஆனால் பரிந்துரை என்பது பணம் ஒதுக்கிய திட்டம் ஆகாது. அதை நம்பி டனிகாலில் யாரும் வீடு வாங்க வேண்டாம். இப்போது கட்டிக்கொண்டிருக்கும் வேலைகளை மட்டும் கணக்கில் வையுங்கள்.

சரி, மாடலுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அயர்லாந்து ரயில் கட்டுகிறவர்கள் எல்லோரும் முதல் நாளே முட்டிக்கொள்கிற சுவர் கேஜ். இங்கே தண்டவாள அகலம் 5 அடி 3 அங்குலம், 1600 மில்லிமீட்டர். நம் இந்தியப் பிராட்கேஜ் 1676, அதைவிட மூன்று அங்குலம்தான் அதிகம். இங்கிலாந்தும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் 1435. ஏன் இப்படி ஓர் அளவு என்றால், ஆரம்பத்தில் ஆளுக்கொரு அளவு போட்டார்கள். 1834-ல் திறந்த டப்ளின்–கிங்ஸ்டவுன் ரயில்வே 4 அடி 8½ அங்குலம். பெல்ஃபாஸ்டிலிருந்து கிளம்பிய அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 அங்குலம். இரண்டும் ஒரு நாள் சந்திக்குமே என்ற கவலை வந்தபோது மேஜர் ஜெனரல் பாஸ்லி என்பவர் விசாரித்து 5 அடி 3 அங்குலம் என்று முடிவு செய்தார், 1846-ல் அது சட்டமானது. எல்லா அளவையும் கூட்டி வகுத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். பொறியாளர்களிடம் கருத்துக் கேட்டு நடுவான ஒன்றை எடுத்தார் என்பது வரை அதை ஏற்கலாம். எதை எதால் வகுத்தார் என்பது சொல்கிறவருக்கு ஏற்றபடி மாறுகிறது. இதே அளவு இன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் பிரேசிலின் சில பாதைகளிலும் இருக்கிறது.

இது மாடலில் எப்படி உறைக்கும் என்று பாருங்கள். இங்கே எல்லோரும் கட்டுவது ஓஓ அளவு: நிஜத்தில் ஓர் அடி, மாடலில் 4 மில்லிமீட்டர், அதாவது 76-ல் ஒரு பங்கு. அந்தக் கணக்குப்படி அயர்லாந்துத் தண்டவாளம் 21 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஓஓ தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். இங்கிலாந்து ரயிலைக் கட்டுகிறவருக்கும் அது குறுகல்தான், ஆனால் அவருக்குக் குறைவது இரண்டேகால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, நமக்கு நாலரை. முன்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் ஒல்லியான காலில் நிற்கிற பெரிய உடம்பு மாதிரித் தெரியும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, 21 மில்லிமீட்டரில் தண்டவாளத்தைக் கையால் கட்டுவது, எல்லா வண்டிக்கும் அச்சை மாற்றுவது. டெம்ப்லாட் என்ற மென்பொருளில் எந்தக் கேஜுக்கும் பாயின்ட் வரைபடம் அச்சிட்டுக்கொள்ளலாம், அதன்மேல் ஸ்லீப்பரை (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை) ஒட்டி ரெயிலைப் பதிக்க வேண்டியதுதான். அழகு அழகுதான். எனக்கு முதல் இரண்டு பாயின்ட்டும் சரியாக வரவில்லை, மூன்றாவதில்தான் சக்கரம் தடுக்காமல் போனது, ஆறு மாதம் ஆயிற்று. இரண்டாவது வழி, 16.5-ஐ ஏற்றுக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் செய்வது. முதல் லேஅவுட்டுக்கு நான் உறுதியாக இரண்டாவதைத்தான் சொல்வேன். பலகையை மேஜை உயரத்தில் வைக்காமல் நெஞ்சு உயரத்தில், முடிந்தால் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வருமாறு பொருத்துங்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது தண்டவாள அகலம் தெரியவே தெரியாது. தண்டவாளம் சுவருக்கு இணையாக ஓடட்டும், பார்ப்பவரை நோக்கி வரும் வளைவு வேண்டாம். ஸ்லீப்பர்களின் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஜல்லியை ஸ்லீப்பர் நுனிவரை மூடிப் போடுங்கள். இவ்வளவு செய்தால் நான் உள்பட யாரும் கேஜைப் பற்றிப் பேச மாட்டோம்.

பொருள் கிடைக்குமா என்ற கவலை இருபது வருஷத்துக்கு முன்னால் நியாயமானது. அன்று ஆங்கிலேய வண்டிக்கு அயர்லாந்து வண்ணம் பூசி விற்பார்கள், அல்லது பித்தளை, ரெசின் கிட் வாங்கி நீங்களே கட்ட வேண்டும். இன்று டப்ளினின் மர்ஃபி மாடல்ஸ் 121, 141, 181, 071, 201 வகை டீசல் எஞ்சின்களைத் தயாராக ஓட்டும் நிலையில் கொண்டுவந்திருக்கிறது. ஐரிஷ் ரயில்வே மாடல்ஸ் என்ற இன்னொரு கம்பெனி ஏ கிளாஸ் என்ற டீசல் எஞ்சினையும் ஜல்லி வேகன், சிமென்ட் வேகன், உர வேகன் என்று சரக்கு வண்டிகளையும் செய்கிறது. வேலைப்பாடு இங்கிலாந்து மாடல்களுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. எஞ்சின் ஒன்று ஏறக்குறைய 200 யூரோ ஆகும், ஒலி வேண்டுமென்றால் இன்னும் கூடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சந்தை சின்னது என்பதால் கொஞ்சமாகத்தான் தயாரிப்பார்கள். வேண்டிய வண்ணத்தில், வேண்டிய எண்ணில் பார்த்தால் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். தீர்ந்துபோனால் அடுத்த தயாரிப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஆனால் அவசரப்பட்டு 201 எஞ்சினை வாங்கிவிடாதீர்கள். புதியவர்கள் எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான், எனக்குப் புரிகிறது. கனடாவில் ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய 34 எஞ்சின்கள், முதலாவதை 1994-ல் அன்டனோவ் விமானத்திலேயே ஏற்றி இறக்கினார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆற்றின் பெயர். கம்பீரமானவை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் மாடலில் 27 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. 23 மீட்டர் நீளக் கோச் ஒன்று 30 சென்டிமீட்டர். எட்டு கோச் சேர்த்தால் வண்டி ஏறக்குறைய 2.7 மீட்டர், ஒன்பது அடிக்குச் சற்றுக் குறைவு. உங்கள் சுவரே எட்டடி. வண்டி நிற்கலாம், நகர இடமிருக்காது. இங்கிலாந்து, ஜெர்மனி மெயின்லைன் கட்டுகிறவர்களுக்கும் இதே கதிதான், அதனால்தான் அவர்கள் கார் ஷெட் முழுக்க எடுத்துக்கொள்கிறார்கள்.

1960-களின் அயர்லாந்துக் கிளைப்பாதை வேறு மாதிரி. 121 வகை எஞ்சின் நிஜத்தில் 12 மீட்டர் சொச்சம், மாடலில் 16 சென்டிமீட்டர். நாலு சக்கர மூடு வேகன் ஏழெட்டு சென்டிமீட்டர். ஒரு எஞ்சின், ஆறு வேகன், கடைசியில் கார்டு வேன், எல்லாம் சேர்த்து இரண்டரை அடிக்குள் முழு வண்டி. அது சுருக்கிக் காட்டிய வண்டியும் இல்லை, நிஜத்தில் அன்று ஓடிய வண்டியே அவ்வளவுதான். 1961-ல் வந்த 121-க்கு அமெரிக்க முறைப்படி ஒரு பக்கம்தான் ஓட்டுநர் அறை, அதனால் கடைசி நிலையத்தில் அதைத் திருப்ப டர்ன்டேபிள் வேண்டும். மாடலுக்கு அது வரம். ஒவ்வொரு முறையும் எஞ்சினைக் கழற்றி, திருப்பி, வேகன்களைச் சுற்றி வந்து மறுமுனையில் மாட்டுவதில் ஒரு மாலைப் பொழுது போய்விடும். ஏ கிளாஸும் அந்தக் காலத்துக்குப் பொருந்தும்: 1955-லிருந்து 60 எஞ்சின்கள் வந்தன, உள்ளேயிருந்த கிராஸ்லி மோட்டார் தொல்லை தந்ததால் 1960-களின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் மோட்டாருக்கு மாற்றினார்கள், மாற்றியவற்றின் எண்ணுக்குப் பின்னால் ஆர் எழுத்து வரும். வெள்ளி நிறம், பச்சை, கறுப்பு, பிறகு 1972 முதல் ஆரஞ்சு என்று வண்ணமும் மாறிக்கொண்டே போனது. எஞ்சினின் எண்ணும் வண்ணமும் பார்த்து வாங்கினால் உங்கள் வருஷம் தானே தீர்மானமாகிவிடும்.

எந்த இடத்தைக் கட்டுவது? கற்பனை ஊர் வேண்டாம். உங்கள் கார்க்கிலேயே, நான் டப்ளின்காரனாக இருந்தும் பொறாமைப்படுகிற ஒரு பாதை இருந்தது. 1912-ல் திறந்த கார்க் சிட்டி ரயில்வே. இன்று கென்ட் என்று பெயர் மாறிய அன்றைய கிளான்மயர் ரோடு நிலையத்திலிருந்து, ஆற்றின் தென்கரையில் வெஸ்ட் கார்க் பாதையின் முனையமான ஆல்பர்ட் கீ நிலையம் வரை, ஒரு மைலுக்கும் குறைந்த தூரம், தெரு வழியே தண்டவாளம். லீ ஆற்றின் இரண்டு கால்வாய்களையும் பிரையன் போரு பாலம், கிளான்டார்ஃப் பாலம் என்ற இரண்டு தூக்குப் பாலங்களில் கடந்தது. கப்பல் வந்தால் பாலம் எழும். கடைகள், கார்கள், சைக்கிள்கள் நடுவே சரக்கு வண்டி நடை வேகத்தில் போகும். வெஸ்ட் கார்க் பாதை 1961-ல் மூடிய பிறகும் சரக்குக்காக இது 1976 வரை ஓடியது. வண்டி நீளம் குறைவு, வேகம் குறைவு, தண்டவாளம் தெருவுக்குள் புதைந்தது. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். தார் அல்லது கல் பாவிய தெருவில் ஸ்லீப்பரே தெரியாது, ஆகவே 16.5-ஆ 21-ஆ என்ற கேள்வி பெருமளவு மறைந்துவிடுகிறது. இரண்டு பாலங்களும் இன்றும் நிற்கின்றன, அவற்றின் மேல் வாகனங்கள் போகின்றன. உங்களுக்கு வேண்டிய அளவெல்லாம் நடந்து போனால் கிடைக்கும்.

எட்டடியில் இரண்டு பாலமும் வராது. கிளான்டார்ஃப் பாலத்தையும் ஆல்பர்ட் கீ யார்டின் (வேகன்களைப் பிரித்து நிறுத்தும் இடம்) ஒரு முனையையும் மட்டும் எடுங்கள். இடது ஓரத்தில் ஒரு கட்டடத்துக்குப் பின்னால் வண்டி மறைந்து நிற்க மூன்றடி, நடுவில் பாலமும் தெருவும், வலதில் மூன்று பாயின்ட்டோடு யார்டு. பலகை ஒன்றரை அடி அகலம் போதும். வாடகை வீடு என்பதால் நாலடி நாலடியாக இரண்டு பலகையாகச் செய்து நடுவில் போல்ட் போடுங்கள். அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். ஒரு நேரத்தில் ஓர் எஞ்சின்தான் ஓடப்போகிறது, அதனால் சாதாரண 12 வோல்ட் கன்ட்ரோலர் போதும், டிசிசி இல்லாமலே தொடங்கலாம். மெதுவாக ஓடுவதுதான் இங்கே உயிர் என்பதால் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் சுத்தமாக வையுங்கள். பாயின்ட்டின் நடுவிலிருக்கும் உலோகத்துக்கு, அதாவது ஃப்ராகுக்கு, மின்சாரம் போகும் வகையான பாயின்ட்டையே வாங்குங்கள். பிளாஸ்டிக் ஃப்ராகில் சின்ன எஞ்சின் நின்று போகும், கையால் தள்ள வேண்டி வரும்.

வாங்குவதற்கு முன்னால் பார்த்துவிட்டு வாருங்கள். கென்ட் நிலையத்துக்குள்ளேயே 36-ஆம் எண் நீராவி எஞ்சின், 1840-களில் கட்டியது, காட்சிக்கு நிற்கிறது; நீங்கள் அதைத் தாண்டித்தான் தினமும் போவீர்கள். வளைந்த பிளாட்பாரமும் வடக்கே உடனே தொடங்கும் சுரங்கப்பாதையும் மாடலுக்காகவே வரைந்தது போலிருக்கும். ஒருநாள் லிமரிக் ஜங்ஷனில் இரண்டு மணி நேரம் இறங்கி உட்காருங்கள். பெயர் லிமரிக், இருப்பது டிப்பரரி கவுண்டியில். வாட்டர்ஃபோர்ட்–லிமரிக் பாதை மெயின்லைனை ஏறக்குறைய செங்குத்தாக வெட்டிப் போகும் இடம் அது. 1967 வரை டப்ளின்–கார்க் வண்டிகள் அங்கே பின்னோக்கி வந்துதான் பிளாட்பாரத்தைத் தொட்டன. கார்க் பக்கம் போகும் வண்டிகளுக்கென்று நேரான பிளாட்பாரம் 2019-ல்தான் கிடைத்தது. ஒற்றைத் தடம், லூப், கிராசிங் எல்லாம் எப்படி ஒரு நாளின் நேரத்தைத் தின்கின்றன என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லாத அளவுக்கு அங்கே புரியும். டப்ளின் வந்தால் மாலஹைடில் கசினோ மாடல் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, 2020-ல் திறந்தது. இன்ச்சிகோர் பணிமனையில் வேலை பார்த்த சிரில் ஃப்ரை பல பத்தாண்டுகளாகத் தன் கையால் கட்டிய வண்டிகள் அங்கே உள்ளன. பெல்ஃபாஸ்ட் பக்கம் கல்ட்ரா அருங்காட்சியகத்தில் 1939-ல் கட்டிய மேவ் என்ற 800-ஆம் எண் எஞ்சினை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இவற்றில் முதல் வேலையாக ஒன்றைச் செய்யுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, வாகனம் குறைவாக இருக்கும்போது, கென்டிலிருந்து பிரையன் போரு பாலம், கிளான்டார்ஃப் பாலம் வழியாக ஆல்பர்ட் கீ வரை நடங்கள். கிளான்டார்ஃப் பாலத்தின் அகலத்தைக் காலடியால் அளந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் நேர்ப் படம் நாலைந்து எடுத்துப் போடுங்கள். சுவரின் சரியான நீளத்தையும் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால், யார்டுக்கான பாதையை டெம்ப்லாட்டில் 16.5-க்கு ஒன்றும் 21-க்கு ஒன்றும் வரைந்து இங்கேயே போடுகிறேன்.